நாற்பது நாள் இளையவர்

போன ஆனி மாதம் முழுக்க எங்கள் திருவண்ணாமலையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மணிவேல்தான். பேருந்து நிலையத்து வாசலில் ஒரு மணிவேல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் கடைக்கு எதிரே ஒரு மணிவேல் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றான். கிரிவலப் பாதையில் கேட்கவே வேண்டாம். 'கபடிச் சிங்கத்துக்கு அகவை அறுபது' என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் அவனுடைய இருபத்தைந்து வயதுப் படத்தை ஒட்டியிருந்தார்கள். அறுபதைக் கொண்டாடுகிறவர்கள் ஏன் அறுபது வயது முகத்தைப் போட மறுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தது என் அப்பா. அதையாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை.

என் பெயர் ஜானி பாஷா. சின்னக்கடைத் தெருவில் ரஹமத் ஸ்டுடியோ என்னுடையது. ரஹமத் என் அப்பா. முப்பத்தைந்து வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐயர் அடுத்து எந்தச் சாமானைக் கேட்பார் என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். "பாய், அடுத்து இன்னா?" என்று மணையில் உட்கார்ந்துகொண்டே என்னைக் கேட்ட மாப்பிள்ளைகள் உண்டு.

மணிவேலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்திய அணிக்கு ஆடினவன். வெளிநாட்டில் கோப்பை தூக்கினவன். டிவியில் கபடி வர ஆரம்பித்த பிறகு வர்ணனை சொல்லி, வீட்டுக்கு வீடு அந்தக் கரகரத்த குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். இரண்டு சினிமாவில் வில்லனுக்குப் பின்னால் நின்று அடி வாங்கினவன். நான் எழுதப் போவது அப்பாதுரையைப் பற்றி. அவனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. எழுதச் சொல்லி அவன் கேட்கவும் இல்லை.

அப்பாதுரைக்கும் மணிவேலுக்கும் கிரிவலப் பாதையோரம் அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரே தெரு. இரண்டு வீட்டிலும் மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலைதான், பயிர். அறுபத்தாறாம் வருடம் ஆனியில் மணிவேல் பிறந்தான். அதற்கு நாற்பதாவது நாள், ஆடிக் கடைசியில், அப்பாதுரை பிறந்தான். பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டு ஒரு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. மணிவேலின் அம்மா எல்லம்மாள்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். அப்பாதுரைக்கு அவள் வைத்த பெயர் 'நாப்பது நாளு.' "ஏய் நாப்பது நாளு, சாப்ட்டியா?" என்று அவள் தெருவில் நின்று கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். அப்போது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. ஐந்து வருடம் முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இல்லை.

எழுபத்தொன்றில் ஜூன் மாதம் இரண்டு பேரையும் ஒரே நாளில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கெல்லாம் யார் பிறந்த சீட்டு எடுத்து வைத்திருந்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது, உள்ளே வரலாம். தொடாவிட்டால் அடுத்த வருடம். மணிவேல் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான், எட்டவில்லை, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அப்பாதுரைக்குப் பிறவியிலேயே கை நீளம். அவன் காதைத் தொட்டதோடு நிற்கவில்லை. முழுக் காதையும் உள்ளங்கையால் பொத்தி, கடுக்கன் போட்டிருந்த இடத்தைத் திருகியும் காட்டினான். "இவனுக்கு அஞ்சு இல்ல, ஆறு முடிஞ்சிருக்குது" என்று சொல்லி, தலைமை ஆசிரியர் 5-6-65 என்று எழுதிவிட்டார். அன்றைக்கு ஜூன் ஐந்து. அன்று சேர்ந்த பதினொரு பிள்ளைகளுக்கும் அதுதான் பிறந்தநாள். வருடம் மட்டும் அவரவர் கை நீளத்துக்குத் தக்கபடி.

அப்பாதுரையின் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பையன் ஒரு வருடம் முன்னாலேயே படித்து முடிப்பான், நல்லதுதானே என்று வீட்டுக்கு வந்துவிட்டார். மணிவேல் அடுத்த வருடம் போனபோது அவன் அப்பா ஜாதகத்தைப் பார்த்துச் சரியான தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். இப்படித்தான் நாற்பது நாள் இளையவன் காகிதத்தில் ஒரு வருடம் மூத்தவன் ஆனான்.

கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

உயர்நிலைப் பள்ளிக்கு அவர்கள் டவுனுக்கு வந்தபோதுதான் எனக்கு அவர்கள் பழக்கம். மூன்று பேரும் பள்ளி கபடி டீமில் இருந்தோம். நான் இருந்தது பெஞ்சில். யாருக்காவது கால் பிசகினால் இறங்குவேன், இல்லாவிட்டால் சட்டை துணிமணிகளுக்குக் காவல். அந்த இடத்திலிருந்து ஆட்டம் நன்றாகத் தெரியும். அப்பாதுரை பாடிக்கொண்டு உள்ளே போனால் எதிராளிகள் அவன் காலைப் பார்த்து விலகுவார்கள். கை வந்து தொட்டுவிடும். தொட்டது தொடப்பட்டவனுக்கே தெரியாது, நடுவர் விசிலடித்தால்தான் தெரியும். மணிவேலின் ஆட்டம் வேறு. ஐந்து பேர் மேலே விழுந்தாலும் எப்படியாவது உருவிக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவான். இருவரில் யார் பெரிய ஆட்டக்காரன் என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. ஒருவன் ஆடி நிரூபித்தான். இன்னொருவனுக்கு நிரூபிக்கிற வேளை வரவில்லை.

எண்பத்து மூன்று டிசம்பரில் வேலூரில் ஜூனியர் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகவில்லை, எதற்கும் வேலூர்தான் போக வேண்டும். அப்பாதுரை அந்த வருடம் பள்ளியை முடித்திருந்தாலும் எங்கள் டீமோடுதான் ஆடிக்கொண்டிருந்தான். எங்கள் பி.டி. வாத்தியார் தருமன் சார் மூன்று பேரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். என்னை எதற்குக் கூட்டிப் போனார் என்று கேட்காதீர்கள், பையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

இரண்டு நாள் ஆட்டம். முடிவில் பட்டியல் படித்தார்கள். எங்கள் டீமிலிருந்து ஒருவனுக்குத்தான் இடம். அப்பாதுரை பெயரைப் படித்தார்கள். தருமன் சார் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மணிவேல் அவனைத் தூக்கிச் சுற்றினான். அதில் பொய் இல்லை, நான் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துச் சான்றிதழைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். பதினெட்டு முடியாதவர்களுக்குத்தான் ஜூனியர். அப்பாதுரைக்குக் காகிதத்தில் ஆறு மாதம் முன்னாலேயே பதினெட்டு முடிந்திருந்தது. உண்மையில் பதினேழே கால்.

தருமன் சார் விடவில்லை. காதைத் தொட்ட கதையைக் கையைத் தூக்கி நடித்தே காட்டினார். தேர்வுக் குழுவில் இருந்த பெரியவர் ஒன்றும் கெட்ட மனுஷன் இல்லை. பொறுமையாகக் கேட்டார். இவன் தெருக்காரப் பையன் யாராவது இருக்கிறானா என்றார். மணிவேல் முன்னால் போய் நின்றான்.

"தம்பி, இவன் உனக்கு இன்னா வேணும்?"

மணிவேல் ஒரு நொடி அப்பாதுரையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அண்ணன் சார்" என்றான்.

அவ்வளவுதான். ஒரு வகுப்பு மூத்தவனை அண்ணன் என்று சொல்வது பள்ளிக்கூடத்து வழக்கம்தானே என்று யாராவது சொல்லலாம். ஆனால் அன்று காலை இட்லி தின்னும்போதுகூட அவனை மணிவேல் கூப்பிட்டது "டேய் தொரை" என்றுதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, அப்பாதுரையின் பெயரை அடித்து, மேலே மணிவேல் என்று எழுதினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு வாய் வரவில்லை. நான் அங்கேதான் நின்றேன். எல்லம்மாள் கூப்பிடும் பெயர் எனக்கும் தெரியும். "இல்ல சார், இவன்தான் சின்னவன்" என்று நானும் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் போளூர் தாண்டியதும் மணிவேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?"

அப்பாதுரை கையை நீட்டி வாங்கிக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆடுடா" என்றான்.

அன்றிலிருந்து மணிவேல் அவனை வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. அண்ணே, வாங்க, போங்க. சொன்னதை நிலைநிறுத்தத்தான் அப்படிக் கூப்பிட்டானா, மரியாதை கொடுத்தே அந்தக் குற்றத்தைக் கழுவப் பார்த்தானா, நான் அவன் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்ததில்லை. தீபத்துக்கு ஊருக்கு வந்தால் முதலில் போகிற வீடு அப்பாதுரை வீடு. கீர்த்தனா கல்யாணத்துக்கு, அதுதான் அப்பாதுரையின் ஒரே பெண், இரண்டு நாள் முன்னாலேயே வந்து பந்தியில் சாம்பார் ஊற்றினான். டிவிக்காரன் ஊற்றிய சாம்பார் என்று கீழ்பென்னாத்தூர் சம்பந்தி வீட்டார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் செய்தான். வேலூரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாதுரை மின்வாரியத்தில் ஒயர்மேன் ஆனான். மற்றவர்கள் இரண்டு படி கூட ஏறிச் செய்கிற வேலையை நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிச் செய்வான். காற்று மழையில் கிரிவலப் பாதையில் கம்பம் சாய்ந்தால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேதாவைக் கட்டினான், ஒரு பெண்ணைப் பெற்றான், வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்தான். டிவியில் கபடி ஓடும்போது உட்கார்ந்து பார்ப்பான். மணிவேல் வர்ணனையில் ஏதாவது தப்பாகச் சொன்னால் "டேய், அது போனஸ் இல்லடா" என்று டிவியைத் திட்டுவான். பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சொன்னான்.

"அவன் ஆடுனதுல எனக்கு வருத்தமே இல்ல பாய். நான் போயிருந்தாலும் அவன் அளவுக்கு ஆடியிருப்பேனா, யாருக்குத் தெரியும்? ஆனா அந்த அண்ணே இருக்குது பாரு. அவன் கூப்புடறப்பல்லாம் வேலூர்ல என் பேரை அடிக்கிற சத்தம் கேக்குது."

"நானும் அன்னிக்கு வாயத் தொறந்து சொல்லியிருக்கணும் தொரை" என்றேன். அதைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருந்தது.

"நீதான் பெஞ்சுல உக்காந்திருந்தியே, வுடு" என்று சொல்லி என் தோளில் தட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் மிக்சரை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

காகிதக் கணக்குப்படி போன வருடம் ஜூன் மாதம் அவனுக்கு அறுபது முடிந்தது. ஆபீஸில் சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள், நான் படம் எடுத்தேன். மாலைக்கு மேலே தலையை நீட்டி, "பாய், எனக்கு இன்னும் அறுபது ஆவலயே" என்று காதோடு சொன்னான். பிறந்து ஐம்பத்தொன்பதுகூட முடியாதவனை அறுபது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை மேல் அவனுக்கு ஆசை ஜாஸ்தி. அடுத்த நாள் காலையில் பழக்க தோஷத்தில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினான் என்று வேதா சொன்னாள்.

கீர்த்தனா அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "எந்த அறுபதுக்கு? ஆபீஸ் அறுபதுக்கா, ஆத்தா பெத்த அறுபதுக்கா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தான். இந்த வருடம் ஆடியில் உண்மையான அறுபது வருகிறதே, அதற்குச் செய்யலாமே என்று வேதா கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றான். என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னான்.

"எங்க அம்மா இல்ல, அப்பா இல்ல, எல்லம்மா பெரியம்மாவும் இல்ல. நான் எப்போ பொறந்தேன்னு கூட இருந்து தெரிஞ்சவங்கன்னா இப்ப அவன் ஒருத்தன்தான். அவன் ஒருவாட்டி வாயத் தொறந்து நான் சின்னவன்னு சொல்லட்டும் பாய். அப்புறம் பண்ணிக்கறேன். இல்லன்னா எனக்கு அறுபதே வேணாம்."

அறுபது வயதில் ஒருவனுக்கு இது ஒரு ஆசையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வீடு கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. தன் வயதைக் கேட்டான்.

இந்த நிலைமையில்தான் மணிவேலின் அறுபது வந்தது. ஊர் உலகமெல்லாம் திருக்கடையூருக்குப் போகும். இவன் சொந்த ஊரில், கிரிவலப் பாதை மண்டபத்தில், ஆயிரம் பேரைக் கூப்பிட்டுச் செய்கிறேன் என்றான். வீடியோ எனக்கு. பத்திரிகை வைக்க அடி அண்ணாமலைக்குப் போகும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான்.

அப்பாதுரை வீட்டில் தாம்பாளத்தில் வேட்டி, புடவை, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டினான். வேதா மோர் கொண்டுவந்தாள். மணிவேல் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது, உங்களுக்கே தெரியும். நீங்கதான் மூத்தவரா நின்னு மொத கலசத் தண்ணிய என் தலையில ஊத்தணும்."

வேதா தம்ளரை வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மூத்தவனாவா?" என்றான் அப்பாதுரை.

"ஆமாண்ணே."

அப்பாதுரை அவன் முகத்தையே பார்த்தான். மணிவேல் பத்திரிகையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று நானும் பார்த்தேன். சொல்லவில்லை.

"வரேன்" என்றான் அப்பாதுரை. ஊத்தறேன் என்று சொல்லவில்லை. அதை மணிவேல் கவனித்தானோ என்னவோ, நான் கவனித்தேன்.

கார் போனதும் வேதா பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க இது? பள்ளிக்கூடத்துலதான் பொய் வயசு எழுதுனாங்க. ஓமம் வளத்து சாமி முன்னாடியும் அதே பொய்யச் சொல்லிக்கினு தண்ணி ஊத்துவீங்களா?"

எனக்கும் பொறுக்கவில்லை. "தொரை, ஆயிரம் பேர் இருப்பாங்க. மைக்கை நான் குடுக்கறேன். நடந்தத நடந்தபடி சொல்லிடு" என்றேன்.

அப்பாதுரை என்னை முறைத்தான். அவன் என்னை முறைத்தது அந்த ஒருமுறைதான்.

"சபையில வச்சு அவனை அசிங்கப்படுத்தறதுக்கா அவங்க அம்மாகிட்ட பால் குடிச்சேன்?"

வேதா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறுபதாம் கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. டிவியில் வர்ணனை சொல்கிறவர்கள், பழைய ஆட்டக்காரர்கள், ஜெர்சி போட்ட இளவட்டங்கள், செல்ஃபி எடுக்க வந்தவர்கள். நான் மூன்று கேமரா போட்டிருந்தேன், மேடைக்கு நேரே நின்றது நான். ஓமம் முடிந்து, மணிவேலையும் அவன் மனைவியையும் மணையில் உட்கார வைத்து, கலசத்தை எடுத்துக்கொண்டு ஐயர் கூப்பிட்டார்.

"மூத்தவா யாரு, முதல்ல வாங்கோ."

மணிவேல் கூட்டத்தைப் பார்த்து, "அண்ணே, வாங்க" என்றான்.

மூன்றாவது வரிசையில் அப்பாதுரை எழுந்து நின்றான். மணிவேல் எடுத்துக் கொடுத்த வேட்டியைத்தான் கட்டியிருந்தான். கையைக் கூப்பினான்.

"மச்சான் ஊத்தட்டும்பா. நான் அப்புறமா வரேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தில் சலசலப்பு. பெரியவருக்கு ஏதோ மனக்கசப்பு போல என்று என் பின்னால் ஒருவர் சொன்னார். மணிவேலின் மைத்துனர் முருகையன் வந்து முதல் தண்ணீரை ஊற்றினார். நான் கேமராவை மணிவேல் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த டிவி சிரிப்பு அந்த முகத்தில் இல்லை.

ஈர உடை மாற்றி வந்ததும் அவன் அங்கவஸ்திரத்தில் ஒரு சின்ன காலர் மைக்கை நான் மாட்டினேன். நன்றியுரை சொல்லப் போகிறான், அதற்காக.

"பாய், அண்ணனுக்கு என் மேல கோவமா?" என்று கேட்டான்.

"அவனையே கேளு" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான்.

தாலி கட்டி முடிந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி அட்சதை தூவினார்கள். மணிவேலின் கண் மூன்றாவது வரிசைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. அப்பாதுரை அசையவில்லை. பெரியவர்கள் முடிந்ததும் ஐயர், "சின்னவாள்லாம் வந்து நமஸ்காரம் பண்ணிக்கோங்கோ" என்றார். பிள்ளைகளும் மருமக்களும் ஜெர்சி இளவட்டங்களும் வரிசையில் நின்று தம்பதி காலில் விழுந்து எழுந்தார்கள். அப்போதுதான் அப்பாதுரை எழுந்தான். போய் அந்த வரிசையின் வாலில் நின்றான்.

அவனுக்கு முன்னால் நின்ற ஆட்டக்காரப் பையன் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனான். "ஐயா, இது சின்னவங்க லைன். நீங்க நேரா மேல போங்க" என்றான்.

"பரவால்லப்பா. நானும் சின்னவன்தான்" என்றான் அப்பாதுரை.

பையன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். வரிசை நகர்ந்தது. வேதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மணிவேல் அவனைப் பார்த்துவிட்டான். முன்னால் விழுந்தவர்களுக்குத் திருநீறு பூசிய கை பாதியில் நின்றது. யாரையும் அவன் பார்க்கவில்லை, வரிசையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாதுரை மேடையேறினான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அந்தக் கைகள் இருக்கின்றனவே, மணிவேலின் காலைத் தாண்டி மணைக்கு அடியில் போய் நின்றன. கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. அறுபத்தொரு வயது அண்ணன் தம்பி காலில் விழுவதாக அல்லவா அவர்கள் பார்த்தார்கள்.

மணிவேல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு காலர் மைக் வழியாக அந்தக் கரகரத்த குரல் மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது.

"ஏந்திரிடா."

யாரைச் சொல்கிறான் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை.

"ஏந்திரிடா தொரை. டேய், நாப்பது நாளு, ஏந்திரிடா."

உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். தூக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டான். அட்சதையை அள்ளி அவன் தலையில் கொட்டினான், தூவவில்லை, கொட்டினான். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அந்த இடத்தில் படம் ஆடும், பார்த்தால் தெரியும்.

"உனக்கு இன்னும் நாப்பது நாள் இருக்குதுடா. நான் வரேன். மொத தண்ணிய நான்தான் ஊத்துவேன். நான்தான்டா பெரியவன்!"

பெரியவன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, சினிமா வசனம் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மண்டபமே கை தட்டியது. அவன் என்ன சொன்னான் என்பது அந்த ஆயிரம் பேரில் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

அப்பாதுரை தலையிலிருந்த அரிசியைத் தட்டவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சரிண்ணே" என்றான். "காலையிலயே வந்துடுங்க."